முதியோர் இல்லத்தில் பராமரிப்பின் தரம்: ஊராட்சியினர் கண்டறிய வேண்டுவன

ஊராட்சித் தலைவரிடமும் உறுப்பினர்களிடமும் கையொப்பம் வேண்டி வருகின்ற காகிதங்கள் பல. அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கு ஆராய்வோம். ஊரில் ஒரு மூதாட்டியார் தனித்து வாழ்கிறார். கணவர் காலமாகி ஆண்டுகள் பல ஆயின. மகன் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறான். மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் தொலைவு. ஒரு மழைக்காலத்தில் மூதாட்டியார் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நடமாட்டம் குன்றிவிடுகிறார். அண்டை வீட்டார் சில மாதம் சோறு கொடுத்தனர். பிறகு நடவு வந்துவிட்டது. முடிவில் அனைவரும் கூடிப் பேசி, பக்கத்து நகரிலுள்ள முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்துவிடுவது எனத் தீர்மானிக்கின்றனர். ‘இவர் ஆதரவற்றவர், எமது ஊராட்சியைச் சேர்ந்தவர்’ என்று தலைவர் சான்று எழுதிக் கையொப்பமிடுகிறார். வாடகை வண்டி ஒன்று மூதாட்டியாரை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறது.

அக்கையொப்பத்திற்குப் பின்னர் அவர் எவ்வாறு இருக்கிறார் என்பதை ஊரில் எவரேனும் அறிவரா? பெரும்பாலும் அறிவதில்லை என்பதே நாம் கண்டது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் பெயர்ந்துவிட்ட கிராமங்களில் இந்தப் பங்கு இன்னும் மிகுதி என்பதை மாலை வேளையில் திண்ணைகளைப் பார்த்தாலே உணரலாம். ஆகவே, முதியோர் இல்லமொன்றின் பராமரிப்பு நன்றா தீதா என்று மதிப்பிடும் அறிவு ஊராட்சி உறுப்பினர்க்கும் குடியானவர்க்கும் இன்றியமையாததாகிவிட்டது. அது மருத்துவர்க்கு மட்டுமே உரிய அறிவு என்று எண்ணி ஒதுங்க வேண்டுவதில்லை.

மாட்டுச் சந்தைக்குச் செல்லும் குடியானவர், கொம்புக்குப் பூசிய வண்ணத்தையும் கழுத்தில் கட்டிய மணியையும் பார்த்து விலை பேசுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். தோலை இழுத்துவிட்டுப் பார்க்கிறார். நாலடி நடத்திப் பார்க்கிறார். அசைபோடுகிறதா என்று சற்று நின்று கவனிக்கிறார். அதே குடியானவர் தம் ஊர் மூதாட்டியாரைச் சேர்ப்பதற்காக இல்லத்திற்குச் சென்றாலோ, வாயில் வளைவையும் கூடத்துப் பளிங்குத் தரையையும் சுவரில் வரிசையாக மாட்டிய நன்கொடையாளர் படங்களையும் கண்டு மனம் நிறைந்து திரும்பிவிடுகிறார். மனிதரை மாட்டோடு ஒப்பிடுவதாக எவரும் குறைகொள்ள வேண்டாம். மாட்டினிடத்துச் செலுத்தும் கூர்ந்த பார்வையை மனிதரிடத்தும் செலுத்துக என்பதே நம் வேண்டுகோள்.

இத்துறையில் உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்படும் கட்டுரை ஒன்று உண்டு. லெபனான் நாட்டின் பெய்ரூட் நகரில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய அவேடிஸ் தோனபேதியன் என்ற மருத்துவர், மருத்துவப் பராமரிப்பின் தரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பது குறித்து 1966ஆம் ஆண்டில் அதை எழுதினார். எந்தப் பராமரிப்பையும் மூன்று வழிகளில் நோக்கலாம் என்பது அவர் கூற்று. இருக்கும் வசதி என்ன, நடைபெறும் பணி என்ன, அதனால் விளைந்த பயன் என்ன என்பனவே அம்மூன்று. உழவர்க்கு இது புதிதன்று. கிணறும் மோட்டாரும் இருத்தல் ஒன்று. முறைப்படி நீர் பாய்ச்சுதல் மற்றொன்று. களத்தில் நெல் குவிதல் பிறிதொன்று. மோட்டார் இருந்தும் மடை திறவாத வயல்களை நாம் அறிவோம். முதியோர் இல்லத்தில் கட்டிலும் மின்விசிறியும் குளிர்ப்பெட்டியும் மோட்டாரைப் போன்றவை. விளைச்சலைக் காண வேண்டுமாயின் படுத்திருப்பவரின் உடம்பைத்தான் காண வேண்டும்.

ஒரு சொல்லைப் பற்றிய குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். நம் நாட்டில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் சிறிய தனியார் மருத்துவமனை என்று பொருள்படும். மேனாடுகளில் அச்சொல், எழுந்து நடமாட இயலாத முதியோரை நெடுநாள் வைத்துப் பேணும் இல்லத்தைக் குறிக்கும். நம் முதியோர் இல்லங்கள் பல, நடமாடும் முதியோர்க்கு உணவும் இடமும் அளிப்பதற்கெனத் தொடங்கப்பட்டவை. ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கிருப்போர் தளர்ந்து படுக்கையில் விழுகின்றனர். இல்லம் தன்னை அறியாமலே மேனாட்டார் கூறும் ‘நர்சிங் ஹோம்’ ஆகிவிடுகிறது. ஆட்களும் பயிற்சியும் மட்டும் பழையபடியே நின்றுவிடுகின்றன. குறைகளின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. கொடுமை மனத்தினால் விளைவன அவற்றுள் சிலவே.

கடைசிக் கட்டில்

பார்வையாளரை இல்லத்தார் முதலில் அழைத்துச் செல்வது முன்கூடத்திற்கு. அங்கே தலைவாரிப் பூச்சூடிய பாட்டிமார் நாற்காலிகளில் அமர்ந்திருப்பர், கைகூப்பி வரவேற்பர். அவர்களோடு அளவளாவுதல் நன்று. ஆயினும் மதிப்பிடச் சென்றவர் பார்க்க வேண்டியது, பின்கட்டில் சன்னலுக்கு எட்டாத மூலையில் கிடக்கும் கடைசிக் கட்டில். பேச இயலாதவர், புரள இயலாதவர், பார்க்க ஆள் வராதவர் எவரோ, அவர் பெறும் பராமரிப்பே அவ்வில்லத்தின் தரம். தன் கையால் உண்டு, தன் காலால் நடந்து, குறையிருந்தால் வாய்விட்டுக் கூறவும் வல்லவர் எந்த இல்லத்திலும் ஓரளவு நன்றாகவே இருப்பர்.

அங்கே முதற்கண் நோக்க வேண்டியது படுக்கைப்புண். எலும்பு துருத்தியிருக்கும் இடங்களில் உடலின் பாரம் நெடுநேரம் அழுந்துவதால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை அழிவதே இப்புண்ணின் காரணம். முதுகின் அடியில் வாலெலும்பு, இடுப்பின் இரு பக்கங்கள், குதிகால்கள், முழங்கைகள் ஆகிய இவ்விடங்களே பெரிதும் இலக்காகும். புண் வெடிப்பதற்கு முன்பே அடையாளம் தோன்றும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால், நலமான தோல் வெளுத்துப் பின் சிவக்கும். கெடத் தொடங்கிய தோல் வெளுக்காமல் சிவந்தபடியே இருக்கும். நம்மவர்களின் கருநிறத் தோலில் சிவப்புப் புலப்படாமல் போகலாம். அப்போது அவ்விடம் சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா நிறம் கலந்தோ காணும். தொட்டால் வெதுவெதுப்பாகவோ கெட்டியாகவோ இருக்கும். குதிகாலைப் பார்ப்பதற்கு ஆடை விலக்க வேண்டுவதில்லை. போர்வையின் நுனியைத் தூக்கினால் போதும். குதிகால் கெட்டிருந்தால் மறைவிடங்களும் கெட்டிருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம்.

மூதாட்டியரின் உடம்பைப் பார்க்கும் இவ்வேலைக்கு ஆண் உறுப்பினர் செல்லலாகாது. ஊராட்சிகளில் பெண்களுக்குச் சரிபாதி இடம் ஒதுக்கும் சட்டம் 2016ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பெண் உறுப்பினர் ஒருவர், இயலுமாயின் கிராம சுகாதாரச் செவிலியரையும் உடன் அழைத்துக்கொண்டு, படுத்திருப்பவரிடம் சொல்லி, அவர் இசைவு பெற்ற பின்னரே பார்க்க வேண்டும். பேச இயலாதவராயினும் அவரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுத் தொடுவதே முறை. அவ்வாறு சொல்லாமல் போர்வையை உருவும் ஆயாவைக் கண்டால் அதையும் மனத்தில் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து வாயும் நாவும். உடலில் நீர் குறைந்ததா என அறிய மாட்டின் தோலை இழுத்துவிட்டுப் பார்க்கும் வழக்கம் முதியோரிடம் பயன்படாது. வயதினால் தோல் தளர்ந்திருப்பதால், நீர் குறையாதபோதும் அது மெல்லவே திரும்பும். நாக்கு உலர்ந்து வெடித்திருத்தல், உதடு தோலுரிதல், சிறுநீர் அடர்ந்த நிறமாக இறங்குதல் ஆகியவையே உரிய அடையாளங்கள். முதுமையில் தாகவுணர்ச்சியே மங்கிவிடும் என்பதால், கேட்டால் கொடுப்போம் என்று காத்திருத்தல் போதாது. வேளைதோறும் ஊட்ட வேண்டும். சில இல்லங்களில் இரவில் படுக்கை நனையும் என்று அஞ்சி மாலைக்குப் பின் நீர் கொடுப்பதையே நிறுத்திவிடுகின்றனர். துணி துவைக்கும் வேலை மிச்சமாகலாம். ஆனால் மலச்சிக்கல், சிறுநீர்த்தாரை நோய், மனக்குழப்பம் என அதன் விலையை முதியவர் செலுத்துகிறார்.

நாம் சென்று கண்ட இல்லம் ஒன்று, ஓடு வேய்ந்த பழைய கட்டடம். பளிங்கு முதலியன ஏதுமில்லை. வாத நோயால் வலக்கை செயலற்ற ஒரு பெரியவரின் கட்டிலருகே முக்காலியில் மூடிய செம்பு ஒன்று இருந்தது. அந்த முக்காலி அவருடைய இடப்பக்கம் போடப்பட்டிருந்தது. அடுத்த கட்டிலுக்கு அது வலப்பக்கம். எவரும் இதை நமக்கு எடுத்துக் காட்டவில்லை. கேட்டபோது, ‘அந்தக் கைதானே ஐயா எட்டும்’ என்று ஆயா வியப்போடு மறுமொழி கூறினார். அவ்வில்லத்தைப் பற்றி அறிய வேண்டியவற்றுள் பாதியை அந்த முக்காலியே உணர்த்திவிட்டது.

இன்னும் சில உள. நகம் வெட்டப்பட்டிருக்கிறதா? மடங்கிய முழங்கால் நீட்ட வராமல் இறுகிவிட்டதா? கண்ணாடியும் பல்செட்டும் அவரவரிடம் இருக்கின்றனவா, அல்லது ஒரு டப்பாவில் மொத்தமாகக் கிடக்கின்றனவா? உடுத்தியிருப்பது அவருடைய சொந்தச் சேலையா? இவற்றைக் காணக் கால்மணி நேரம் போதும்.

உணவும் எடையும்

சோற்றைப் பற்றி விரிவாகக் கூற வேண்டுவதில்லை; சுவை பார்க்கத் தெரியாதவர் எவருமில்லை. இரண்டு செய்திகளை மட்டும் நினைவூட்டுகிறோம். பெயரன் பிறந்தநாளுக்கும் பெரியவர் திதிக்கும் அன்பர்கள் அளிக்கும் வடை பாயச விருந்தைக் கண்டு உணவை மதிப்பிடலாகாது. பல்லில்லாத வாய்க்கு அவற்றுள் பாதி பயன்படாது. சாதாரணச் செவ்வாய்க்கிழமை இரவில் என்ன உணவு, எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும். சமையற்காரர் வீடு திரும்புவதற்காக மாலை 5 மணிக்கே இரவு உணவை முடித்துவிட்டு, மறுநாள் காலை 8.30 மணிக்கு இட்லி கொடுத்தால் இடைவெளி பதினைந்தரை மணி நேரம் ஆகிறது. அமெரிக்க விதிகள், இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடையே பொதுவாக 14 மணி நேரத்துக்கு மேல் செல்லலாகாது என்கின்றன. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ பெறுகின்ற முதியவர்க்கு நீண்ட பட்டினி உயிருக்கே இடர் விளைக்கும். விடியற்காலையில் வியர்த்து மயங்கிக் கிடப்பவரை ‘உறங்குகிறார்’ என்று விட்டுவிட்ட நேர்வுகளும் உண்டு.

மற்றொன்று எடை. மாதம் ஒருமுறை ஒவ்வொருவரையும் நிறுத்து எழுதும் குறிப்பேடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஒரே மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால் அது எச்சரிக்கை. 40 கிலோ உள்ள மூதாட்டிக்கு அது 2 கிலோ. நிற்க இயலாதவர்க்கு மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளந்து வரலாம். எடைக் குறிப்பேடு வைத்திருக்கும் இல்லத்தைக் காண்பது அரிது. வைத்திருந்து, எடை குறைந்தவர்க்கு என்ன செய்தோம் என்பதையும் எழுதியிருந்தால் அவ்வில்லத்தாரை மனமாரப் பாராட்டலாம்.

இரவுக் கணக்கு

தாமே புரள இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்த வேண்டும் என்பது செவிலியர் பயிலும் விதி. நல்ல மெத்தை இருப்பின் இடைவெளி சற்று நீளலாம். ஓர் இல்லத்தில் இத்தகையோர் 10 பேர் என்று கொள்வோம். இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை 8 மணி நேரம். ஒருவருக்கு 4 முறை. 10 பேருக்கு 40 முறை. ஒருமுறை புரட்டி, நனைந்த துணியை மாற்றி, தலையணை அணைத்து, இரண்டு மிடறு நீர் ஊட்ட 10 நிமிடம் ஆகும் எனில் மொத்தம் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். கனத்த உடம்பினரை ஒருவரே புரட்டவும் இயலாது. இதற்கிடையே, நடமாடுவோரைக் கழிப்பறைக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் வேலையும் உண்டு. ஆகவே இரவில் ஒரே ஓர் ஆயா இருக்கும் இல்லத்தில், ஏட்டில் எவ்வாறு எழுதப்பட்டிருப்பினும், அப்பணி நடைபெறவில்லை என்று கணக்கே சொல்லிவிடும். பகலில் எத்தனை பேர் வேலை செய்கின்றனர் என்று கேட்பவர் பலர். இரவில் எத்தனை பேர் என்று கேட்பவரைக் காணோம்.

ஏடுகளைப் பற்றியும் சிறிது கூறியாக வேண்டும். நாம் பார்த்த வேறோர் இல்லத்தில், பக்கம் மாற்றிக் கிடத்தியதைக் குறிக்கும் அட்டவணை மிக ஒழுங்காக இருந்தது, எழுத்தும் அழகு. மாலை 6 மணிக்கு நாம் அதைப் புரட்டியபோது மறுநாள் காலைக்குரிய கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன! இது நம் நாட்டுக்கே உரிய குறை என்று நாணவும் வேண்டா. அமெரிக்க அரசு 2008ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரமிட்டு வெளியிட்டு வருகிறது. தொடக்கத்தில் பணியாளர் எண்ணிக்கையை இல்லத்தாரே எழுதி அனுப்பினர். அதன் பேரில் நட்சத்திரம் கிடைத்தது. அவ்வேற்பாடு பெருங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று. 2016ஆம் ஆண்டு முதல், சம்பளப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கத்தக்க கணக்கையே அனுப்ப வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நாமும் அவ்வழியைப் பின்பற்றலாம். ஆட்கள் எத்தனை பேர் என்று நிர்வாகியிடம் கேட்பதோடு நில்லாமல், சென்ற மாதம் சம்பளம் பெற்றவர் எத்தனை பேர், அவர்கள் இங்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்க வேண்டும். ஆயாமார் ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும் இல்லத்தில், எந்தப் பாட்டிக்கு எந்தக் காது கேட்கும் என்பதை எவரும் அறியார்.

அமைதியும் ஐயத்திற்குரியது

முற்பகல் 11 மணிக்குச் சென்றாலும் பிற்பகல் 4 மணிக்குச் சென்றாலும் அனைவரும் உறங்கிக்கொண்டிருக்கும் இல்லத்தைக் கண்டு ‘எவ்வளவு அமைதி’ என்று சிலர் வியப்பர். நாம் அவ்வாறு வியப்பதற்கில்லை. நினைவு தடுமாறி அலைபவர்களையும் கூவி அழைப்பவர்களையும் அடக்குவதற்காக மயக்க மாத்திரை கொடுப்பதுண்டு. மருத்துவர் சீட்டு இருக்கிறதா, எந்த நோய்க்கு, எத்தனை நாளாக என்று கேட்கும் உரிமை, அம்முதியவரை அனுப்பிவைத்த ஊராருக்கும் உறவினர்க்கும் உண்டு. கட்டிலோடு கை கால்களைச் சேலைத் துணியால் கட்டுவது அதனினும் கொடிது. விழாமல் காப்பதற்கே கட்டினோம் என்பர். கட்டப்பட்டவர் திமிறி விழுந்து மேலும் பெருங்காயம் அடைதலும், தசை வற்றி நடையை அடியோடு இழத்தலுமே கண்ட பயன். ஆட்களின் வசதிக்காகவோ தண்டனையாகவோ முதியோரைக் கட்டலாகாது என்று அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தனர். மணிக்கட்டில் தடம் இருக்கிறதா என்று நோக்குவது எவர்க்கும் எளிது.

விழுதலைப் பற்றிக் கேட்டால், ‘இங்கு எவரும் விழுந்ததே இல்லை’ என்று கூறும் நிர்வாகியைவிட, ‘சென்ற மாதம் மூவர் விழுந்தனர், இருவர் கழிப்பறைப் படியில், ஆகவே அப்படியை இடித்துச் சாய்தளம் ஆக்கினோம்’ என்பவரை மிகுதியும் நம்பலாம். நாற்றமும் அத்தகையதே. முதியோர் வாழும் இடத்தில் சிறிதளவு நாற்றம் எழுதல் இயற்கை. அது சற்று நேரத்தில் நீங்குகிறதா என்பதே வினா. வாயிலிலேயே மூக்கைத் துளைக்கும் பினாயில் மணம், எதையோ மறைக்க வந்ததாகவும் இருக்கலாம்.

கேட்கும் முறை

‘இங்கே உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா, பாட்டி?’ என்று நிர்வாகியின் எதிரில் கேட்டால், ‘எனக்கென்ன குறை, தம்பி’ என்ற விடைதான் கிடைக்கும். அவர் அஞ்சுகிறார் என்பது மட்டுமன்று. ஊரை விட்டு வந்தவர், தம்மால் ஊருக்குப் பழி வரலாகாது என்றும், திருப்பி அனுப்பிவிட்டால் போக்கிடம் ஏது என்றும் எண்ணுகிறார். ஆதலின் நிறை குறைகளைக் கேட்காமல் நேற்று நடந்ததைக் கேட்க வேண்டும். நேற்றிரவு தாகம் எடுத்தபோது என்ன செய்தீர்கள்? எழுப்பினால் யார் வந்தார்? தலைக்கு எண்ணெய் வைத்தது எப்போது? உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யார்? ஊர்ச் செய்தி கேட்க ஆவலாக இருப்பவர் இவ்வினாக்களுக்குத் தடையின்றி விடை கூறுவார். ஆகவே போகிறவர் ஊர்ச் செய்திகளோடு போக வேண்டும். கோவில் கொடை எப்படி நடந்தது, ஏரியில் நீர் எவ்வளவு, யார் வீட்டில் குழந்தை பிறந்தது என்று பத்து நிமிடம் பேசிய பின் கேட்டால், கேளாதவையும் வெளிவரும்.

ஆயாமாரோடும் பேச வேண்டும். அவர்களும் நம்மூர்களிலிருந்து சென்ற ஏழைப் பெண்களே. குறைந்த ஊதியத்திற்கு, பிறர் அருவருக்கும் பணியைச் செய்கின்றவர்களை அதட்டுவதால் எவருக்கும் நன்மையில்லை. கையுறை உண்டா, வாரத்தில் ஒருநாள் விடுப்பு உண்டா, ஒருவர் வராத நாளில் அவர் வேலையை யார் பார்ப்பது என்று கேட்டால், முதியோரின் நிலை அவ்விடைகளிலேயே தெரிந்துவிடும்.

முன்னறிவிப்பின்றிச் செல்வது நன்று. ஒருமுறை காலையில் பல் துலக்கும் நேரத்தில், ஒருமுறை இரவு உணவு வேளையில், ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை என மூன்று முறை சென்றால் உண்மை விளங்கும். உறவினரை எந்நேரமும் உள்ளே விடும் இல்லத்திற்கும், முதல் ஞாயிறு 3 மணி முதல் 4 மணி வரை மட்டும் என்று பலகை வைத்திருக்கும் இல்லத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை.

சட்டமும் ஊராட்சியின் கடமையும்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007ஆம் ஆண்டில் நிறைவேறியது. தமிழ்நாட்டில் அதற்குரிய விதிகள் 2009இல் வகுக்கப்பட்டன. மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும், வறிய முதியோர் 150 பேருக்குக் குறையாமல் தங்கத்தக்கதாக, அரசு படிப்படியாக நிறுவலாம் என்று அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. அங்கு அளிக்கும் மருத்துவ வசதிக்குரிய தர அளவுகளை விதிக்கவும் இடமளிக்கிறது. கவனியாத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரிக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். முதியவரால் இயலாதபோது அவரால் அதிகாரமளிக்கப்பெற்ற வேறொருவரும் மனுச் செய்யலாம் என்பதை ஊராட்சி உறுப்பினர் குறித்துக்கொள்வாராக. பேணிக் காப்பாய் என்ற நிபந்தனையின் பேரில் நிலத்தை எழுதிப் பெற்றுக்கொண்டு கைவிட்டவரிடமிருந்து அதை மீட்பதற்கு 23ஆம் பிரிவு வழி செய்கிறது. தான செட்டில்மெண்ட் எழுதும் குடியானவர்கள் அந்த நிபந்தனையை ஆவணத்திலேயே தெளிவாக எழுதிவைப்பது நலம். வாய்ச்சொல்லை நம்பியவர் வழக்கில் அல்லற்பட நேரும்.

ஓர் இல்லம் முறைப்படி பதிவு பெற்றதா என்பதை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டறியலாம். குறை கண்டால் முதலில் நிர்வாகியிடமும், பயனில்லையேல் அவ்வலுவலகத்திலும் எழுத்தில் தெரிவிக்கலாம். முதியோர்க்கான உதவித் தொலைபேசி எண் 14567. முதியவரின் வங்கிப் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் யார் கையில் இருக்கின்றன என்று பார்த்துவருவதும் ஊராரின் கடமையே. உதவித்தொகை வருகிறது என்றால் அது எங்கே போகிறது என்றும் அறிந்தாக வேண்டும்.

இல்லத்தில் சேர்ப்பதற்கு முன்னர், சேர்க்காமலே காக்க இயலுமா என்றும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரையை மட்டுமன்றி, படுக்கையில் இருப்போர்க்கு வலிதணிப்புச் சிகிச்சையையும் இயன்முறை மருத்துவத்தையும் வீட்டிற்கே கொண்டுவரும் நோக்கமுடையது. அண்டை மாநிலமாகிய கேரளம் 2008ஆம் ஆண்டிலேயே வலிதணிப்புப் பராமரிப்புக்கெனக் கொள்கை வகுத்து, வீடுதேடிச் செல்லும் செவிலியரை அமர்த்தும் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களிடமே ஒப்புவித்தது. அங்கே பயிற்சி பெற்ற உள்ளூர் அன்பர்கள் செவிலியரோடு முறைவைத்து வீடு வீடாகச் செல்கின்றனர். ஊரார் கண்ணுக்கெதிரே கிடப்பவரைப் பக்கம் மாற்றிக் கிடத்தவில்லை என்றால் யாரேனும் கேட்டுவிடுவர். அந்தக் கேள்வியைத்தான் இல்லத்திற்கும் கொண்டுசெல்ல வேண்டும் என்கிறோம்.

அதற்கு வழி மிக எளிது. எந்த ஊராட்சி கையொப்பமிட்டு ஒருவரை அனுப்புகிறதோ, அவ்வூராட்சி அவர் பெயரையும், சேர்த்த நாளையும், அன்று அவர் உடல் எடையையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கட்டும். மாதம் ஒருவர் என்று முறைவைத்துச் சென்று பார்த்து வரட்டும். பேருந்துக் கட்டணமும் அரைநாள் கூலியுமே செலவு. இல்லத்தில் எவரேனும் காலமானால் அன்றே ஊராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், அவர் விரும்பியிருந்தால் சொந்த ஊரில் அடக்கம் செய்ய இசைய வேண்டும் என்றும் சேர்க்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளட்டும். தம் ஊர்ப் பெண்மணி இறந்த செய்தியை ஊரார் எட்டு மாதம் கழித்து, குடும்ப அட்டையில் பெயர் நீக்கும்போது அறிந்துகொண்டதை நாம் கேட்டிருக்கிறோம்.

அக்டோபர் 1ஆம் நாள் உலக முதியோர் தினம். மறுநாள் காந்தியடிகள் பிறந்தநாளில் கிராம சபை கூடுகிறது. வேலைப் பட்டியலும் வரவு செலவும் படிக்கப்படும் அந்தக் கூட்டத்தில், வெளியூர் இல்லங்களில் இருக்கும் நம் ஊர் முதியோரின் பெயர்களும், அவர்களைக் கடைசியாகப் பார்த்து வந்தவர் யார், எந்த நாளில் என்பதும், சேர்த்த நாளின் எடையும் இன்றைய எடையும் சேர்த்துப் படிக்கப்படலாம். மூன்று பெயர்களோ நான்கு பெயர்களோ இருக்கும். ஐந்து நிமிடத்திற்கு மேல் ஆகாது.